விற்கிற மூட்டை, குடிக்கிற டப்பா

மூன்று தலைமுறையாகக் காப்பி விவசாயம் செய்கிற குடும்பம் எங்களுடையது. கல்யாண வீடுகளில் யாராவது இதைச் சொல்லி என்னை அறிமுகப்படுத்தினால், எதிரில் இருப்பவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். கழுத்தில் கிடக்கும் மெல்லிசுச் சங்கிலியையும் காலில் கிடக்கும் ரப்பர் செருப்பையும் பார்த்துவிட்டு, எஸ்டேட்காரர்கள் எல்லாம் எளிமையானவர்கள்தான் போலிருக்கிறது என்று தானாகவே சமாதானம் ஆகிவிடுவார். நானும் மறுத்துப் பேசியதில்லை. பேரு பெத்த பேரு, தாக நீலு லேது, அதாவது பேர்தான் பெரிசு, குடிக்கத் தண்ணீர் இல்லை என்று தெலுங்கில் சொல்வார்களே, அதை எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எஸ்டேட் என்பது ஏற்காட்டில் மூன்றரை ஏக்கர். அதை வாங்கிய தாத்தா தாம்பரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தார். அப்பாவுக்கும் ரயில்வேதான். அண்ணனும் மின்சார ரயில் ஷெட்டில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றான். மூன்று பேரும் குடியிருந்தது இரும்புலியூரில், பயிர் செய்தது ஏற்காட்டில். இடையில் ஆறு மணி நேர பஸ், அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவு. மலையில் களை எடுத்து, நிழல் மரம் கழித்து, பழம் பறித்து, கழுவி, காயப்போட்டதெல்லாம் அங்கேயே குடியிருந்த வேறொரு குடும்பம். அவர்களுக்கும் மூன்று தலைமுறைதான். அவர்கள் விவசாயம் செய்தார்கள், நாங்கள் பரம்பரை செய்தோம். வேலையை நியாயமாகத்தான் பிரித்துக்கொண்டிருந்தோம்.

அதற்காக எங்கள் வீட்டு ஆண்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. கவலைப்பட்டார்கள். பங்குனி வாக்கில் மலையில் ஒரு மழை பெய்தால்தான் காப்பிச் செடி பூக்கும். அந்த மழைக்காக அப்பா இரும்புலியூர் மாடியில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். மேற்கே முடிச்சூர் சாலையில் லாரி போகும் புழுதிதான் தெரியும். அண்ணன் காலத்தில் செல்போன் வந்ததால் கவலை இன்னும் வசதியாகிவிட்டது. "இன்னாப்பா, மேல மழையா? தூறலா? தூறல்னா எவ்ளோ தூறல்?" என்று தினம் சாயங்காலம் மலைக்குப் போன் போடுவான். அந்தப் பக்கம் அவர்கள் என்ன சொல்வார்களோ, போனை வைத்ததும் உச்சுக் கொட்டிவிட்டு சோபாவில் சாய்ந்துகொள்வான். அன்றைய விவசாயம் அத்தோடு முடிந்தது.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. நல்லது விற்க, மிச்சம் குடிக்க. பறித்த பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் நல்ல பழம் அடியில் போகும், பொக்கு மேலே மிதக்கும். அடியில் போனதைக் கழுவிக் காயவைத்து மூட்டை கட்டி சேலத்து வியாபாரிக்கு அனுப்பிவிடுவார்கள். மேலே மிதந்தது, தரையில் உதிர்ந்தது, பூச்சி துளைத்தது, கறுத்தது, உடைந்தது எல்லாம் சாக்கில் ஏறி இரும்புலியூருக்கு வரும். அதை மொட்டை மாடியில் காயவைத்து, அரிசி மில்லில் கெஞ்சித் தோல் நீக்கி, கரியாக வறுத்து, பாதிக்குப் பாதி சிக்கரி சேர்த்து ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் அடைத்து வைப்போம். பொங்கல் சமயத்தில்தான் காயப்போடுவது. போகியன்று தெருவில் டயர் கொளுத்துவார்கள். அந்த வாசனையும் காப்பிக்கொட்டையில் இலவசமாக ஏறிக்கொள்ளும்.

அதைத்தான் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். அக்கம்பக்கத்தார் கண்ணை மூடி உறிஞ்சிவிட்டு, "எஸ்டேட் காப்பின்னா எஸ்டேட் காப்பிதான் சார், கடையில வாங்கறதுல இந்த மணம் வராது" என்பார்கள். வராதுதான். எந்தக் கடைக்காரன் டயர் போட்டு வறுப்பான்?

இதில் பெரிய வேடிக்கை, நல்ல காப்பியை எங்கள் குடும்பத்தில் யாருமே குடித்ததில்லை. தாத்தா குடித்ததில்லை, அப்பா குடித்ததில்லை, அண்ணனும் குடித்ததில்லை. விற்கிற மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து வறுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை அவர்கள் யாருக்கும் வரவில்லை. கோயில் உண்டியலில் கையை விடலாமா என்று யாரும் யோசிக்கிறோமா, அது மாதிரி. ஆனால் நம்ம கொட்டை மலையிலேயே முதல் தரம் என்று மட்டும் மூன்று பேரும் அடித்துச் சொல்வார்கள். எப்படித் தெரியும் என்று சின்ன வயதில் ஒரு தடவை அப்பாவைக் கேட்டேன். "எதிர்த்துப் பேசாதே" என்றார்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த மூன்றரை ஏக்கர் அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாக வந்தது. எனக்கு அதை விற்க வேண்டும். இதில் வளைத்துப் பேச ஒன்றுமில்லை. என் வீடு முடிச்சூரில் இருக்கிறது, அதுவும் தரைத்தளம். கார்த்திகை வந்தால் ஊருக்கெல்லாம் தீபம் வரும், எனக்கு அடையாற்றுத் தண்ணீர் வரும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று பழமொழி சொன்னவனுக்கு முடிச்சூரில் வீடு இருந்திருக்காது. சாண் வந்தால் பிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றலாம், முழம் வந்தால் பிரிட்ஜ் போச்சு. எனக்கு மூட்டு வலி, என் வீட்டுக்காரருக்கு முதுகு வலி. ஒவ்வொரு வருடமும் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து கட்டில் மேல் அடுக்கிவிட்டு, வானிலை அறிக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். செம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன பிளாட் பார்த்து வைத்திருந்தேன், லிப்ட்டோடு. என் பங்குப் பணம் கைக்கு வந்தால் அது நடக்கும்.

மலையில் விடுதி கட்டுகிற ஒருவர் நிலத்தைக் கேட்டு இரண்டு வருடமாக நடையாய் நடந்தார். மொத்தமாகக் கொடுத்தால் வாங்குவேன், பாதி வேண்டாம் என்றார். அண்ணன் பிடி கொடுக்கவில்லை. நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் திரும்பத் திரும்பச் சொல்லி மண்டையில் ஏற்றுவதுதான் என் தொழில். வாராவாரம் இரும்புலியூருக்குப் போய் ஏற்றினேன்.

"ஏண்ணா, அந்தக் காப்பி உனக்கு என்னதான் கொடுத்துது? பஸ் சார்ஜுக்காவது கட்டுப்படியாச்சா?"

"கட்டுப்படி ஆவுறதுக்கா பாப்பா பண்றோம்?" என்பான் அண்ணன். ஐம்பது வயதைத் தாண்டியும் நான் அவனுக்குப் பாப்பாதான்.

"பின்ன எதுக்கு?"

"அது அப்டித்தான்" என்பான். இந்தப் பதிலுக்கு நான் மார்க் போட்டால் பூஜ்யம்தான்.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். அவனோடு ஷெட்டில் வேலை பார்த்தவரின் மகன் பொத்தேரியில் ஒரு காப்பிக் கடை வைத்திருந்தான். கல்லூரிப் பிள்ளைகள் வந்து பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பியை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கிற கடை. நல்ல கொட்டையாக இருந்தால் வியாபாரியைவிட நல்ல விலைக்கு, வருடா வருடம் மொத்தத்தையும் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். முதலில் வீட்டுக்கு வந்து குடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"அவன் எடுத்துக்கினான்னா நீ விக்கிற பேச்ச இனிமே எடுக்கக் கூடாது. வேணான்னுட்டான்னா, நீ எங்க காட்டுறியோ அங்க கையெழுத்து போடுறேன். வாக்கு" என்றான் அண்ணன்.

"நிஜமாவா?"

"பின்ன பொய்யாவா? அம்மா மேல சத்தியம்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அந்த வருடம் முதல் தடவையாக விற்கிற மூட்டையிலிருந்து பத்துக் கிலோ எடுத்துச் சின்னச் சாக்கில் கட்டிக்கொண்டு அண்ணன் மலையிலிருந்து வந்தான். கிளாம்பாக்கத்தில் இறங்கியவன், ஆட்டோக்காரன் சாக்கைத் தூக்க வந்தபோது தொடவிடவில்லையாம். அதைக் கொண்டுவந்து உள் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்தான். மூன்று தலைமுறையில் நல்ல காப்பி அந்த வீட்டு வாசலை மூட்டையாகத் தாண்டியது அன்றுதான். அண்ணி அந்தச் சாக்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் வந்தான். முப்பது வயதிருக்கும். தாடி, தோளில் பெரிய பை. பைக்குள்ளிருந்து கையால் சுற்றி வறுக்கிற சின்ன உருளை, கையால் அரைக்கிற மிஷின், தராசு, நீள மூக்குக் கெண்டி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ரத்தம் எடுக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் அண்ணன் அவனைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். காலையிலேயே ஷேவ் பண்ணியிருந்தான். கன்னத்தில் ஒரு வெட்டு.

"கொட்டையப் பாத்துரலாமா சார்?" என்றான் பையன்.

"ஏம்மா, அந்தக் குடிக்கிறதுக்கு எடுத்து வெச்சியே, அதக் கொண்டா" என்று அண்ணன் உள்ளே குரல் கொடுத்தான்.

அண்ணி ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டைகளைப் பரப்பிக் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல், முந்தானையில் கையைத் துடைத்தபடி உள் வாசற்படியில் நின்றுகொண்டார். நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தட்டைப் பார்த்தேன். கையை வைத்து ஒரு கொட்டையை எடுத்தும் பார்த்தேன். நடுவில் பூச்சித் துளை. அதைப் போட்டுவிட்டு இன்னொன்றைப் பார்த்தேன். கறுப்பு. தட்டில் பாதி உடைசல்.

அது கட்டிலுக்கு அடியில் இருந்த சாக்கு இல்லை. மிதந்த கொட்டை. வறுக்காமல் மீதம் வைத்திருந்த, டப்பாவுக்குப் போக வேண்டிய கொட்டை.

அண்ணி ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஒருவன் குடிக்க வருகிறான் என்று அண்ணன் சொல்லியிருப்பான். அந்த வீட்டில் யாராவது குடிப்பது என்றால் அது மிதந்ததுதான். விற்கிறதைக் குடிக்க எடுத்தால் என்ன நடக்கும் என்பது அண்ணிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அண்ணி கல்யாணமாகி வந்து மூன்று மாதம்கூட ஆகாத சமயம். அப்பாவின் ஆபீசர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். வியாபாரிக்குக் காட்டுவதற்காக அப்பா ஒரு பொட்டலம் நல்ல கொட்டை கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்தார். பெரிய மனிதர் வந்திருக்கிறாரே, நல்லதாகக் கொடுப்போம் என்று அந்தப் பெண் அதிலிருந்து வறுத்து அரைத்துக் காப்பி போட்டுவிட்டார். வீடெல்லாம் புது வாசனை. ஆபீசர் டம்ளரை வாயில் வைத்திருந்தார். அம்மா கூடத்துக்கு வந்து, அவர் எதிரிலேயே ஆரம்பித்தாள். "விக்கிறத எடுத்துக் காய்ச்சி ஊத்தியிருக்கியே, உங்க வூட்ல உனக்கு இன்னாதான் சொல்லிக் குடுத்தாங்க? நானே இந்த வூட்டுக்கு வந்து இத்தினி வருஷத்துல அதத் தொட்டதில்ல." அண்ணி அதே வாசற்படியில் நின்றார். முகம் எப்படி ஆகியிருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. அந்த ஆபீசருக்குக் காப்பி பிடித்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னது நான்தான். இருபது வயசு, வாசனை வேறுமாதிரி இருக்கிறதே என்று மோப்பம் பிடித்து, அலமாரியைத் திறந்து பார்த்து, ஓடிப்போய்ச் சொன்னேன். அவ்வளவு அக்கறை எனக்குக் குடும்பச் சொத்தின் மேல்.

இப்போது தட்டு டீப்பாயில் இருந்தது. பையன் குனிந்து பார்த்தான். ஒரு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். முகம் மாறியதை மறைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டான். "சார், இந்த வருஷம் இருக்கறதுலயே பெஸ்ட் இதுதானா? வேற ஏதாவது லாட் வெச்சிருக்கீங்களா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவனுடைய கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. அண்ணன் தட்டைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், பிறகு பையனிடம் திரும்பினான்.

"இதான் தம்பி. இருக்கறதுல நல்லது இதான்."

கண்ணாடி இல்லாமல் அவனுக்கு இட்லிக்கும் வடைக்குமே வித்தியாசம் தெரியாது. பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அண்ணி, அது இல்ல, கட்டில் அடில இருக்கறது." ஆறு வார்த்தை. டீச்சர் என்பதால் எண்ணியும் பார்த்துவிட்டேன். என் வாய் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரசித்தம். தலைமை ஆசிரியரே என் வகுப்பு வழியாகப் போகும்போது நடையை எட்டிப் போடுவார். அப்படிப்பட்ட வாயில் அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்குள் செம்பாக்கத்து லிப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது.

பையன் வறுத்தான், அரைத்தான், தராசில் நிறுத்தான், கெண்டியிலிருந்து நூல்போல் தண்ணீர் ஊற்றினான். ஸ்பூனில் எடுத்து சர்ரென்று உறிஞ்சினான். அந்தச் சத்தத்துக்கு அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டார். மறுபடி உறிஞ்சினான். சன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கொஞ்சம் புகை மாதிரி வருது சார். அப்புறம்... ரப்பர் மாதிரி."

"ஆங்" என்று தலையாட்டினான் அண்ணன்.

"எங்க கஸ்டமருக்கு இது செட் ஆகாது சார். தப்பா எடுத்துக்காதீங்க. நான் அப்பாகிட்டயும் சொல்லிடறேன்."

"அய்ய, இதுல இன்னா தப்பு? நீ வந்ததே பெருசுப்பா."

பையன் சாமான்களைப் பையில் போடும்போது அண்ணி உள்ளே போய் நாலு டம்ளர் காப்பியோடு வந்தார். டப்பா காப்பி. பாதி சிக்கரி, கொழகொழவென்று பால், தூக்கலாகச் சர்க்கரை. பையன் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தான். "ஆன்ட்டி, இது செம்மயா இருக்கு. எந்தக் கடைத் தூள்?" என்றான். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. இதே கொட்டைதான் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

அண்ணன் வாசல் கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். "சரி பாப்பா. வாக்குன்னா வாக்கு. அந்த ஆளுக்குப் போன் போட்டு நாள் பாக்கச் சொல்லு" என்றான். இரண்டு வருடமாக நான் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றியதை அவன் ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டான். பொய் சொல்லக் கூடாது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன்.

அண்ணி என் காதருகில் வந்தார். "இன்னாம்மா, அந்தப் புள்ள எடுத்துக்கலியா? பாவம், இவரு ராத்திரியெல்லாம் தூங்கல. நான் கல்லு மண்ணு ஒண்ணு இல்லாம நல்லாப் பொறுக்கித்தான் குடுத்தேன். விக்கிற சாக்கப் பிரிக்கவே இல்ல, கட்டுன கட்டு அப்டியே கீது. போய்ப் பாரு வேணா."

"நல்லது அண்ணி" என்றேன். சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியதையும் மறுபடி கழுவினேன்.

பத்திரப் பதிவுக்கு மூன்று வாரம் இருந்தது. பையனின் கடை எங்கே என்று எனக்குத் தெரியும். பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அந்த மூன்று வாரமும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்துகிற வேலை இருந்தது. இதை நான் எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டேன், வருடா வருடம் சாயங்காலம் நாலு மணிக்கே திருத்தி முடித்து ஊர்வம்பு பேசுகிறவள்தான் நான் என்றாலும்.

பதிவுக்கு அண்ணனும் நானும் மட்டும் போனோம். அண்ணன் அந்தச் சின்னச் சாக்கையும் கூடவே கொண்டுவந்தான். சேலத்தில் வியாபாரியிடம் போடுவதற்கு. பஸ்ஸில் ஆறு மணி நேரமும் அதைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலே வைக்கலாமே என்று கண்டக்டர் சொன்னதற்குக் காது கேட்காததுபோல் இருந்துவிட்டான். வியாபாரி கையை விட்டு அளைந்து பார்த்து, "எப்பவும்போல உங்களுது முதல் தரம்" என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அந்தக் கடையின் தராசைப் பார்ப்பது சௌகரியமாக இருந்தது.

மறுநாள் பதிவு முடிந்தது. கட்டைவிரல் வைத்தோம், போட்டோவுக்கு முகம் காட்டினோம், கையெழுத்துப் போட்டோம். மூன்று தலைமுறை கால் மணி நேரத்தில் முடிந்தது. மலையில் இருந்த குடும்பத்தை அங்கேயே வைத்துக்கொள்வதாக வாங்கியவர் சொன்னார். பழம் பறித்த கையால் இனிமேல் விருந்தாளிகளுக்குத் துண்டும் சோப்பும் கொடுப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. அண்ணன்தான் அவருக்குத் தைரியம் சொன்னான்.

அன்றே பஸ் ஏறித் திரும்பினோம். கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது சாயங்காலம் ஐந்தரை. அந்தப் பஸ் நிலையத்தில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடப்பதற்கே தனியாக ஒரு பஸ் விட வேண்டும். என் முட்டி கெஞ்சியதால் நடுவில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். "ரெண்டு டீ" என்றான் அண்ணன். அவன் டீ குடித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

பாதி டம்ளர் குடித்த பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"பாப்பா, இனிமே சொன்னா ஒண்ணும் ஆயிடாது. அன்னிக்கு அந்தப் பையன் வந்தானே, உங்க அண்ணி தட்டுல வெச்சது குடிக்கிற கொட்டை."

"நீ கண்ணாடியே போடலியேண்ணா."

"கண்ணாடி இன்னாத்துக்கு? பொறந்ததுலேர்ந்து அதத்தான குடிக்கிறேன். தட்டு வரும்போதே தெரிஞ்சி போச்சு. அவன் வறுக்கும்போது டயர் நாத்தம் வேற."

"தெரிஞ்சுகிட்டேவா இதுதான் நல்லதுன்னு சொன்னே? அடப்பாவி, ஏண்ணா?"

அண்ணன் என்னை, இது கூடவா தெரியாது என்பதுபோல் பார்த்தான். "அவ வாசப்படியில நின்னுகினு இருந்தா. மூஞ்சியப் பாத்தியா? எவ்ளோ சந்தோஷமா நின்னா. வெளியாள் எதிர்ல, ஏண்டி தப்பான கொட்டைய வெச்சேன்னு நான் எப்டிக் கேப்பேன்? ஒரு வாட்டி அவ அந்த இடத்துல நின்னது போதாதா? அன்னிக்கு நான் பக்கத்துலயே இருந்தேன், அம்மாவ எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. இந்த வாட்டியும் அவள நிக்க வெக்கணுமா? மூணரை ஏக்கர்தான, போனா போவுது." குரலைத் தாழ்த்தி, "அவ கிட்ட இத எப்பவும் சொல்லிடாத. தெரிஞ்சிதுன்னா சோத்துல கைய வெக்க மாட்டா" என்றான்.

நான் தலையாட்டினேன்.

"நீயும் பாத்தே இல்ல? ஒரு கொட்டைய எடுத்துப் பாத்துட்டுக் கீழ போட்டியே, நான் கவனிச்சேன். உனக்கு இருக்கற வாய்க்கு எங்க டப்புனு சொல்லிடப் போறியோன்னு எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சி. நீ சொல்லல. தண்ணியக் குடிச்சிட்டு உக்காந்துட்டே." என் தோளில் கையை வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "நீயும் அவளுக்காகத்தான வாய மூடிகினு இருந்தே. நல்ல மனசு பாப்பா உனக்கு. நம்ம அம்மாவுக்குக்கூட அது இல்ல."

சென்னைக்குள் போகிற பஸ்களின் பெயரை ஒலிபெருக்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நிலத்தை விற்கத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் ஐந்தாறு வார்த்தைதான் ஆகியிருக்கும். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாண்ணா" என்றேன்.